ரெட்டைத்தட்டுப் பெட்டி

குலுக்கல் கோணிப்போய்விட்டது. போட்ட சீட்டுகளில் சில, பெட்டியின் அடித்தட்டுக்குள் விழுந்து மாட்டிக்கொண்டன. மேலே மிஞ்சியதில் ஒன்றை எடுத்து, பெயரை வாசித்து, கைதட்டி, எல்லாரும் பந்தியிலும் உட்கார்ந்தாயிற்று. விஷயம் தெரிந்தது ஒரே ஒருத்தருக்கு. குலுக்கியவருக்கு. ஆவுடைநாயகம் இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டி மடியில் இருந்தது. இலையில் சோறு விழுந்தது, சொதி விழுந்தது, இஞ்சிப் பச்சடி ஒரு ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. அவர் கை இன்னும் இலைக்கு வரவில்லை. மேஜைக்குக் கீழே, வேட்டி மேல், பெட்டியை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தார். சரசர. வலப்பக்கம் சாய்த்தார். சரசர. காகிதம்தான். வேறு எதுவும் இப்படிச் சத்தம் போடாது. பாளையங்கோட்டையில் ஒரு ஓட்டலின் மாடி ஹால் அது. வருஷத்துக்கு ஒரு தடவை புதிர் சேகரிக்கிறவர்கள் அங்கே கூடுவார்கள். கோத்துவிட்டால் பிரிக்க முடியாத மரக்கட்டை, கழற்றினால் மாட்ட முடியாத கம்பி வளையம், சாவி போட்டாலும் திறக்காத பூட்டு, இதையெல்லாம் ஊர் ஊராகத் தேடி வாங்கி வீட்டை அடைத்து வைத்திருக்கிற கூட்டம். பாயாசம் முடிந்ததும் பரிசைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கொடுத்துவிட்டால் முடிந்தது. கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. பாயாசம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சொல்லவே வேண்டாம். சொல்லவே வேண்டாம் என்று நினைத்ததும் கை தானாகச் சோற்றுக்குப் போனது, பிசைந்தது, ஒரு வாய் எடுத்தது. சொதியின் தேங்காய்ப்பால் நாக்கில் பட்டது. ருசி ஏறவில்லை. மடியில் சரசர. அவர் பெட்டியைச் சாய்க்கவில்லை. தொடைதான் அசைந்திருக்க வேண்டும்.

பெட்டியை வைத்துக் குலுக்கலாம் என்றது யார்? அவரேதான். சீட்டுப் போட ஒரு சொம்பு போதும், ஒரு தொப்பி போதும், உலகம் பூராவும் அப்படித்தான் செய்கிறது. இந்தக் கூட்டத்துக்கு அது ஆகாது. புதிர்க்காரன் வீட்டில் உப்பு ஜாடிகூட ஒரு பக்கம் திருகி, ஒரு பக்கம் அமுக்கினால்தான் திறக்கும். மரப்புதிர் செய்துகொண்டிருந்து செத்துப்போன ஞானதுரை செய்த பரிசுக்கு ஞானதுரை செய்த பெட்டியில்தான் குலுக்க வேண்டும் என்றார் ஆவுடைநாயகம். அதுதான் மரியாதை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சங்கத்துக்கு ஞானதுரை சும்மா கொடுத்த பெட்டி அது. மேல்தட்டுக்குச் சாதாரண மூடி. அதன் கீழே இன்னொரு தட்டு உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். அதைத் திறக்கிற வழி ஒருத்தனைத் தவிர யாருக்கும் தெரியாது. பூட்டிக் கிடக்கிற தட்டுதானே, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று நினைத்தார்கள். பூட்டிக் கிடப்பது வாய் திறக்காது என்று எந்த மடையன் சொன்னான்? அவர்தான் சொன்னார். சொன்னதோடு விட்டாரா. நன்றாகக் குலுக்கினால்தான் நியாயம் என்று குலுக்கினார். தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார், நிமிர்த்திக் குலுக்கினார், பக்கவாட்டில் தட்டிக் குலுக்கினார். 'அண்ணாச்சி, பெட்டிக்குப் பேய் பிடிச்சிருச்சா' என்று யாரோ கேட்டார்கள். சிரித்தார்கள். அரைகுறையாகக் குலுக்குகிறவன் குலுக்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இத்தனை நியாயமாகக் குலுக்கினதால் உள்ளே ஏதோ ஒரு ஆப்பு நழுவி, தட்டு வாயைப் பிளந்து, விழுந்ததை விழுங்கி, மூடிக்கொண்டது. அவர் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். வாசித்தார். மீதிச் சீட்டுகளை, செயலாளர் பலவேசம், பசி அவசரத்தில், அப்படியே கவிழ்த்துத் தண்ணீர் கொட்டிக் கிடந்த குப்பை வாளியில் தள்ளிவிட்டார். அந்தக் குவியல் சின்னதாக இருந்தது. இவ்வளவுதானா என்று கண்ணில் பட்டது. ஆவுடைநாயகம் பெட்டியை எடுத்தார். அப்போதுதான் முதல் சரசர. ஒருவேளை பழைய காகிதமோ. ஞானதுரை ஏதாவது உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். மரச்சீவலாக இருக்கலாம். கரப்பான் இறகாக இருக்கலாம். மனம் அந்தக் கரப்பானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிடியிலேயே செத்துப்போனது கரப்பான். காலையில் பெட்டியை எல்லார் முன்னாலும் காதோரம் ஆட்டிக்காட்டியவர் அவர்தானே. 'கேட்டுக்கிடுங்க, வெறும் பெட்டி' என்றாரே. வெறும் பெட்டியாகத்தான் இருந்தது. சத்தமே இல்லை.

மாதுளையை மேடையில் ஒரு தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது. பார்க்கக் கூடாது என்று நினைத்தார், பார்த்தார். வாகை மரத்தில் செய்த மாதுளம்பழம். ஞானதுரை கடைசியாகச் செய்தது. உருட்டினால் எங்கேயும் பொருத்து தெரியாது. ஆனால் அது அத்தனையும் துண்டுகள். சரியான துண்டை, சரியான பக்கம் நகர்த்தினால் பழம் விரிந்து உள்ளே முத்து தெரியும் என்று ஞானதுரை சொல்லியிருக்கிறார். யாரும் பார்த்ததில்லை. வழியைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். அவர் சம்சாரம் எஸ்தரம்மாவிடம் எத்தனையோ பேர் விலை கேட்டார்கள். அந்தம்மா, 'விக்கதுக்கு அது கத்தரிக்காயா. சங்கத்துல சீட்டுப் போட்டுக் குடுங்க, யாருக்குக் குடுத்து வச்சிருக்கோ' என்று சொல்லிவிட்டது. அதைச் சொல்லும்போது ஆவுடைநாயகத்தைப் பார்த்துத்தான் சொன்னது. 'நீங்க நடத்துனா எனக்குக் கவலை இல்ல' என்றது. எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஆள். கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை அடித்த கை. அந்தக் கைக்கு அந்தம்மா கொடுத்த மரியாதை. அவர் அதற்குத் தகுந்தபடிதான் செய்தார். ஒரே தாளில் ஒரே அளவாகச் சீட்டு வெட்டினார். ஒரே மடிப்பு. ஒரே பேனா. நகைக்கடைத் தராசு ஒன்று வீட்டில் இருக்கிறது, அதில் சீட்டை வைத்து எடைகூடப் பார்த்தார். வீட்டுக்காரி பகவதி எட்டிப் பார்த்து, 'சீட்டுக்குச் செய்கூலி சேதாரம் உண்டா' என்று கேட்டாள். நடத்துகிறவன் சீட்டுப் போடக் கூடாது என்று விதி சொல்லித் தன் பெயரைத் தானே அடித்துக்கொண்டார். அதுதான் வலித்தது. மாதுளையை ஒரு தடவை கையில் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஞானதுரை தலையணைக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கையில் உட்கார்ந்த கனம். கட்டைவிரல் ஓரிடத்தில் ஒரு மயிரிழை நகர்வை உணர்ந்தது. உணர்ந்ததா, அல்லது ஆசைப்பட்டதா. அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். அந்த மயிரிழை இன்னும் கட்டைவிரலில் இருக்கிறது. சோறு பிசையும்போது இருக்கிறது. சட்டைப் பொத்தான் போடும்போது இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பழம் போகப் போவது யார் வீட்டுக்கு என்றால், கொம்பையா வீட்டுக்கு.

கொம்பையா. பந்தலும் மைக்செட்டும் வாடகைக்கு விடுகிறவன். இந்த ஹாலில் இருக்கிற மைக்கும் அவன் உபயம்தான். பல வருஷமாக ஆவுடைநாயகம் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. வீட்டில் 'மைக்செட்டு' என்பார். இன்றைக்குச் சீட்டைப் பிரித்ததும் அவன் மைக்கிலேயே அவன் பெயரைச் சொல்லவேண்டி வந்தது. ஹால் முழுக்க அது பெரிதாகக் கேட்டது. சண்டை என்னவென்றால் வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஐப்பசி மழை பூராவும் அவர் ஒரு ஆறுகட்டைப் புதிரோடு உட்கார்ந்திருந்தார். ஒரு முடிச்சு மட்டும் பிடிபடவில்லை. பிடிபடாததுதான் சுகம். பல்லில் மாட்டிய பாக்குத் துண்டை நாக்கு தேடுகிற மாதிரி மனம் அதையே போய்ப் போய்த் தொட்டது. கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். கொம்பையா பக்கத்தில் வந்தான், கையில் வாங்கினான், பேசிக்கொண்டே ரெண்டு திருகு, ஒரு தட்டு. கட்டை ஆறும் மேஜையில் கிடந்தது. 'இதுக்கா அண்ணாச்சி ஐப்பசி பூரா ஒக்காந்திருந்திய? நடுக்கட்டைய மேல தூக்கணும், அவ்வளவுதான்' என்றான். எல்லார் காதிலும் விழுந்தது. கேட்காத ஆளுக்கு வழியைச் சொல்வதா. இந்தக் கூட்டத்தில் அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. ஒருத்தன் பொண்டாட்டியைப் பற்றிக்கூடப் பேசிவிடலாம், வழியைச் சொல்லக் கூடாது. வழியைக் கேட்கவும் கூடாது. கேட்டவன் தோற்றவன். ஆவுடைநாயகம் எவனிடமும் கேட்டதில்லை. கொம்பையாவுக்கு அது புரியவும் இல்லை. உதவி செய்ததாக நினைத்துக்கொண்டு போனான். இப்போது எழுந்து நின்று குலுக்கல் செல்லாது என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? மைக்செட்டுக்கு விழுந்துவிட்டது, கிழவனுக்கு வயிறு எரிகிறது. அப்படித்தான் நினைப்பார்கள். அவரே அப்படித்தான் நினைப்பார். சரி, எரியவில்லையா? எரிகிறது. மாதுளை அவன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், சின்ன கலர் பல்பு எரிய, வாடகைப் பந்தல் மாதிரி நிற்கும். இல்லையென்றால் ஒரு வாரத்தில் பிரித்துவிட்டு, தெருவில் போகிறவனை நிறுத்தி வழி சொல்லுவான். எரியாமல் என்ன செய்யும். அப்படியானால் காதில் விழுந்தது சரசரவா, எரிச்சலா? எதிரே உட்கார்ந்திருக்கிற தூத்துக்குடி ஜெபராணி டீச்சருக்கு விழுந்திருந்தால் இந்தப் பெட்டியை இப்படி ஆட்டிப் பார்த்திருப்போமா? பார்த்திருப்போம். நிச்சயமாகவா? பார்த்திருப்போம் என்று வேகமாகச் சொன்னது மனம். வேகமாகச் சொன்னதால் அவர் நம்பவில்லை. டவுன் மார்க்கெட்டில் ஒரு அரிசிக்கடைக்காரன் இருந்தான். அவனைக் கண்டாலே இவருக்கு ஆகாது. தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்திருந்தான். கையால் தடவிப் பிடித்தார். புளியை எடுத்து நாலு பேர் முன்னால் காட்டினார். அந்த ஆள் கொஞ்சமும் அலட்டவில்லை. 'சாருக்குப் புடிக்காத கடையில மட்டும் புளி ஒட்டும்' என்றான். கூட்டம் சிரித்தது. கையில் புளி இருந்தது, கண் முன்னால் இருந்தது, ஆனாலும் சிரித்தது. அதற்கப்புறம் அந்த வீதியில் அவர் எந்தத் தராசைப் பிடித்தாலும் புளி என்று ஒரு குரல் வரும். அப்போதாவது கையில் புளி இருந்தது. இப்போது என்ன இருக்கிறது? ஒரு சத்தம். கிழவன் காதில் விழுந்த சத்தம்.

'அண்ணாச்சி, சொதி ஆறிப்போவுது. பெட்டிய மடியில வச்சுத் தாலாட்டுதியளா?' பக்கத்து இலை பலவேசம். 'பிள்ளை தூங்கிட்டுன்னா எறக்கிவிடுங்க, காலு மரத்துப்போவும்' என்றாள் ஜெபராணி டீச்சர். கால் மரத்துத்தான் போயிருந்தது. 'தூங்கல' என்றார். டீச்சர் சிரித்தாள். 'எனக்கு விழும்னு அலமாரியில எடமெல்லாம் ஒழிச்சு வச்சுட்டு வந்தேன் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு அதுல இப்பம் மருந்து பாட்டில அடுக்கிருவாரு.' விளையாட்டாகத்தான் சொன்னாள். இவள் சீட்டு எங்கே கிடந்தது? மேலேயா, கீழேயா? கீழே கிடந்ததென்றால் இவள் தூத்துக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து, அலமாரியை ஒழித்து, பெயர் எழுதி, மடித்துப் போட்டது அத்தனையும் வெறும் கூத்து. விழவே முடியாத சீட்டு. விழாமல் போவது வேறு, விழவே முடியாமல் இருப்பது வேறு. ரெண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம். அதுதான் இதில் உள்ள அயோக்கியத்தனம். தோற்றவன் தோற்றதாகவே நினைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேருவான். சண்டைக்குக்கூட வரமாட்டான். இந்த ஹாலில் எத்தனை பேர் அப்படிச் சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறார்களோ. முதலில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டால் என்ன? உள்ளே சீட்டு இருந்தால் சொல்லலாம், இல்லையென்றால் சொல்ல வேண்டாம். எச்சில் கையை இலையிலேயே வைத்துவிட்டு இடது கை மேஜைக்கடியில் பெட்டியைத் தடவியது. மூலையை அமுக்கினார். ஓரத்தைத் தள்ளினார். அடிப்பலகையில் நகம் வைத்து இழுத்தார். ஞானதுரை வேலை. பட்டு மாதிரி வழுக்கியது. எங்கேயும் இடம் கொடுக்கவில்லை. குலுக்கும்போது தானாகத் திறந்தாயே சனியனே. அதே மாதிரி குலுக்கினால் திறக்குமோ? பந்தியில் உட்கார்ந்துகொண்டு பெட்டியைத் தலைகீழாக ஆட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். விரல் மட்டும் விடாமல் ஓடியது. ஒரு நிமிஷம், வெட்கக்கேடு, சீட்டை மறந்தேபோனார். புதிர் மட்டும் இருந்தது. நடுவில் ஒரு கண்ணு இருக்குமோ, சாய்த்து அமுக்கணுமோ, காந்தமோ. ரசம் வந்தது. 'சார், ரசம்?' தலையாட்டினார். ரசம் சொதியோடு கலந்து இலையில் ஓடியது. ரசம் வந்துவிட்டது. அடுத்தது பாயாசம்.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியும்? பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் போடலாம். செத்தால் பரண் சாமானோடு போகும். எஸ்தரம்மா மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தது. நீங்க நடத்துனா எனக்குக் கவலை இல்ல. கவலை இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சென்றது. அடுத்த கிறீச்சில் எழுந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டார். கிறீச்சிட்டது. எழவில்லை. அதற்கடுத்தது. கால் மரத்திருக்கிறது, ரத்தம் ஓடட்டும். அதற்குள் பாயாச வாளியோடு கொம்பையாவே வந்துவிட்டான். பரிசு விழுந்த சந்தோஷத்தில் பரிமாறுகிறவனிடமிருந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டு வரிசையாக வந்தான். தோளில் துண்டு, நெற்றியில் வேர்வை. 'டீச்சர், கோவிச்சுக்கிடாதிய, ஒரு கரண்டி சேத்து ஊத்துதேன்' என்றான். 'ஒரு கரண்டிக்கு ஒரு மாதுளையா? நல்ல யாவாரம்' என்றாள் அவள். ஆவுடைநாயகம் இலைக்கு முன்னால் வந்ததும் அவன் சத்தம் குறைந்தது. கரண்டியை வாளியிலேயே வைத்தான். 'அண்ணாச்சி' என்றான். அவர் நிமிரவில்லை. 'நம்ம ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். வேற எவன் எடுத்து எம் பேரு வந்திருந்தாலும், மைக்செட்டுக்காரன் உள்கை போட்டுட்டான்னு ஒரு பேச்சு வந்திருக்கும். நீங்க எடுத்திய. ஒரு பய வாயத் தொறக்கல பாத்தியளா. பழம் கெடச்சதவிட எனக்கு அதுதான் அண்ணாச்சி பெருசு.' சொல்லிவிட்டுப் பாயாசத்தை ஊற்றினான். கொஞ்சம் அவர் மணிக்கட்டில் பட்டது. சுட்டது. அவன் துண்டை எடுத்து அவர் கையைத் துடைத்தான். சொந்தத் தம்பி துடைக்கிற மாதிரி துடைத்தான். திட்டியிருந்தால் தேவலை. நக்கலடித்திருந்தால் தேவலை. இப்படித் துடைத்தால் என்ன செய்வது? இவன் சந்தோஷத்தைப் பிடுங்கினால் எரிச்சல் என்பார்கள். பிடுங்காவிட்டால், இவன் பெருமையாகச் சொல்கிற அந்த ஒரே காரணமும் பொய். அவனுக்கு விழுந்தது பொய்ச் சீட்டு, அதுவும் இவர் கையால். துடைத்த இடம் பிசுபிசுத்தது. இப்போது யாருக்காகப் பேசாமல் இருப்பது? அவனுக்காகவா? அவனுக்காக என்றால் அதைவிட அவமானம் அவனுக்கு வேறு உண்டா? மனம் சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. சுற்றட்டும். பாயாசம் இலையில் ஓடுகிறது. மேடையில் பலவேசம் கை கழுவிவிட்டு மைக்கை ஊதிப் பார்க்கிறார். ஃபூ, ஃபூ. மரத்த காலோடு எழுந்தார். எச்சில் கையோடு எழுந்தார். பெட்டி இடது கக்கத்தில் இருந்தது. மேஜையில் மோதிக்கொண்டார். யாரோ, 'அண்ணாச்சி கையக் கழுவிட்டு' என்றார்கள். மைக்குக்கு முன்னால் போய் நின்றார். சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருந்தார். ஞானதுரையின் ஞாபகம், சங்கத்தின் மதிப்பு என்று என்னவோ. எல்லாம் போய்விட்டது. 'குலுக்கல் செல்லாது' என்றார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். 'என்ன அண்ணாச்சி இது' என்று பலவேசம் கையைப் பிசைந்தார். பின்னாலிருந்து ஒரு குரல், 'கொம்பையாவுக்கு விழுந்ததுனால செல்லாதோ?' என்றது. வந்துவிட்டது புளி. வரும் என்று தெரிந்ததுதான், அதனால் அவ்வளவாக வலிக்கவில்லை. வலிக்காதது அவருக்கே ஆச்சரியம். பெட்டியை மைக்குப் பக்கத்தில் பிடித்துச் சாய்த்தார். கொம்பையாவின் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். சரசர என்று ஹால் முழுக்கக் காகிதம் உரசியது. 'அடித்தட்டுல சீட்டு விழுந்து கெடக்கு. நான் குலுக்கின குலுக்கு. என் தப்பு' என்றார். 'உள்ள என்ன கெடக்கோ, திறந்து பாத்தாத்தான தெரியும்' என்றது அதே குரல். 'திறங்க' என்றது இன்னொன்று. யார் திறப்பது? எல்லார் கண்ணும் மெள்ளத் திரும்பிப் ஆவுடைநாயகத்தின் இலைக்குப் பக்கத்தில் பாயாச வாளியோடு நின்றவன்மேல் போனது. ஞானதுரைக்குப் பிறகு அந்தத் தட்டைத் திறக்க வழி தெரிந்த ஒருத்தன் அவன்தான். திறந்தால் பரிசு போகும். எல்லார் முன்னாலும் திறந்தால், இத்தனை வருஷமாக அவன் ஒருத்தன் மட்டும் வைத்திருந்த வழியும் போகும். அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். 'அது அப்பம் எப்பமோ திறந்தது. இப்பம் ஞாபகம் இல்ல' என்றான். பொய். பெற்ற பிள்ளை பெயர் மறக்கும், திறந்த வழி மறக்காது. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஆனால் யாரும் பேச முடியாது. வழியைக் கேட்கக் கூடாது என்பதுதானே விதி. மின்விசிறி கிறீச்சென்றது. ஆவுடைநாயகம் மேடையிலிருந்து இறங்கினார். மைக் இல்லாத குரலில், பக்கத்தில் போய் நின்று, 'எனக்கு வழி தெரியல வே. இலைக்குக் கீழ வச்சுத் தடவித் தடவிப் பாத்தேன். முடியல. நீரு திறந்து குடும்' என்றார். வாழ்க்கையில் முதல் தடவை. அது வாயிலிருந்து போனபோது பல் விழுந்தது மாதிரி ஒரு வெறுமை இருந்தது. கொம்பையா அவரையே பார்த்தான். மேடையில் தாம்பாளத்தைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான். பெட்டியை வாங்கினான்.

'வழி பாக்க வேண்டாம்னு நெனைக்கவங்க கண்ண மூடிக்கிடுங்க' என்றான். மூடினார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை, அத்தனை பெரிய மனுஷர்களும் எச்சில் கையோடு கண்ணை மூடி நின்றார்கள். ஜெபராணி டீச்சர் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். பின்னாலிருந்து வந்த அந்தப் புளிக் குரல்கூடக் கண்ணை மூடியது. எஸ்தரம்மா மட்டும், 'எனக்கென்ன, நான் அதத் துடைச்சே வெறுத்துப் போனவ' என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஆவுடைநாயகத்துக்கும் மூட ஆசை. மூட முடியாது. நடத்துகிறவன் பார்த்தாக வேண்டும். பார்த்தார். கொம்பையா மூடியைக் கழற்றவே இல்லை. பெட்டியை நெற்றிக்கு நேராகப் பிடித்து, தரையைப் பார்க்கச் சாய்த்து, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, மூச்சை விடுகிற நேரம் பொறுத்து, திருப்பினான். அவ்வளவுதான். அவ்வளவேதானா என்று அவருக்குக் கோபம் வந்தது. அடிப்பலகை நாக்கு மாதிரி வெளியே வந்தது. மடித்த சீட்டுகள் பொலபொலவென்று அவர் இலையில், ஆறிப்போன சொதியில் விழுந்தன. அவர் வெட்டிய தாள். அவர் மடித்த மடிப்பு. ஒரு கைப்பிடி இருக்கும். கண்ணைத் திறந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தரும் தன் பெயரைத் தேடினார்கள். ஜெபராணி டீச்சர் சீட்டு அதில் இல்லை. பின்னாலிருந்து குரல் கொடுத்தவன் சீட்டு இருந்தது. அவன் அதை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பின்னால் போனான். பலவேசம் மறுபடி தாள் வெட்டக் கத்தரிக்கோல் தேடி ஓடினார். சமையல்காரர் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். எல்லாரும் எழுதிப் போட்டார்கள். கொம்பையா ஒதுங்கி நின்றான். 'நீரும் எழுதும்' என்றார் ஆவுடைநாயகம். 'எழுதாம? ஒரு தடவ விழுந்த ஆளுக்கு ரெண்டாந்தடவ விழாதா' என்றான். குரலில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. எழுதிப் போட்டான். எஸ்தரம்மா கையை விட்டு எடுத்தது. களக்காட்டிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டருக்கு விழுந்தது. காது மந்தமான மனுஷன், தன் பெயரைத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரியவே நேரம் ஆனது. தாம்பாளம் கைமாறியதும் கொம்பையா யாரிடமும் சொல்லாமல் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். ஆவுடைநாயகம் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். ஒயர் நீளமான ஒயர்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வேட்டியில் மஞ்சளாகச் சொதிக்கறை. பகவதி அதைத்தான் முதலில் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள். 'என்ன, குலுக்கல் நல்லபடியா நடந்துச்சா?' என்றாள். 'கோணிப்போச்சு' என்றார். செருப்பைக் கழற்றினார். 'ஐயோ. எடை போட்டுல்லா கொண்டு போனிய. அப்புறம்?' 'சரியாயிட்டு.' 'யாரு, நீங்களா சரிபண்ணுனிய?' அவர் தண்ணீர் கேட்டார். குடித்தார். சொம்பைக் கொடுத்தார். அவள் வாங்காமல் நின்றாள்.

'கொம்பையா' என்றார்.